மெஷின் அட்டவணை புரோகிராம் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் லேத் பட்டறை, கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட், சங்கரன்கோவிலில் சாயப்பட்டறை. எந்த ஜாப் எந்த மெஷினில் எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று போட்டுத் தரும் அட்டவணை புரோகிராமைப் பார்க்கச் சொல்லி எங்கே கூப்பிட்டாலும், திரும்பத் திரும்ப வருவது அதே சில கோளாறுகள்தான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஜெனடிக் அல்காரிதம், சிமுலேட்டட் அனீலிங், டாபு சர்ச் என்று நல்ல வரிசையைத் தேடும் முறை ஏதோ ஒன்றை வைத்து ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கான குறிப்பு இது. அவை எப்படி வேலை செய்கின்றன என்ற பாடத்துக்குள் போகவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கோளாறு தேடும் பகுதியில் இருப்பதில்லை. ஒரு அட்டவணையைக் கொடுத்தால் "இது இத்தனை மணி நேரம் பிடிக்கும்" என்று மதிப்பிடுகிற பகுதி ஒன்று இருக்கிறதே, அங்கேதான் இருக்கும். அதனால் "ஜெனடிக் சரிப்படவில்லை, எறும்புக் கூட்ட அல்காரிதம் போட்டுப் பார்ப்போம்" என்று மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

எதையும் தொடும் முன் இன்றைய இன்புட் ஃபைலை ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ரேண்டம் சீடு எண்ணைக் (தற்செயல் தேர்வுகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைத் தீர்மானிக்கும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்.

## அறிகுறி: தாளில் சரியாக இருக்கிறது, ஷாப்பில் நடக்கவில்லை

காலையில் அச்செடுத்துக் கொடுத்த அட்டவணையை மதியத்துக்குள் சூப்பர்வைசர் பேனாவால் அடித்து, அம்புக்குறி போட்டு மாற்றியிருப்பார். அதிகம் வருவது இதுதான், காசு செலவில்லாமல் சரியாவதும் இதுதான். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரத் தாள்களைச் சேர்த்து, ஒவ்வொரு அடித்தலுக்கும் காரணம் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். அடித்தல்கள் எந்தப் பக்கம் குவிகின்றன என்பதைப் பொறுத்துக் கீழே பிரிந்து போங்கள்.

### எல்லா மெஷினிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது

கேலண்டரைத் திறந்து பாருங்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற உள்ளூர் விடுமுறைகள் எந்த ரெடிமேட் கேலண்டரிலும் வராது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் வராது. தேநீர் இடைவேளை, ஷிப்ட் மாறும்போது மெஷின் நிற்கிற நேரம், காலையில் மெஷின் சூடேறும் நேரம் எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சின்னவைதான். ஒரு வாரத்துக்குக் கூட்டினால் ஒரு ஷிப்டே போயிருக்கும்.

கேலண்டர் சரியாக இருந்தால் அப்புறம் வேலை நேரங்களைப் பாருங்கள். பழைய பதிவிலிருந்து சராசரி எடுத்திருந்தால், எந்த மாதப் பதிவு என்று கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ள நாட்களின் பதிவு அந்தச் சராசரியில் கலந்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சாயப்பட்டறையாக இருந்தால் உலர்த்தும் நேரத்துக்கு ஒரே எண் போதாது. சித்திரை வெயிலில் காய்கிற நூலும் ஐப்பசி அடைமழையில் காய்கிற நூலும் ஒன்றா? மழைக்காலத்துக்குத் தனி எண் கொடுங்கள்.

### ஒரு குறிப்பிட்ட மெஷினில் மட்டும் தள்ளிப்போகிறது

செட்டிங் நேரம்தான், அதாவது ஒரு ஜாப் முடிந்து அடுத்ததற்கு மெஷினைத் தயார் செய்யும் நேரம். அநேகமாக அதை ஒரே சராசரி எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். இந்தத் தப்பு கண்ணில் படவே படாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சாயத் தொட்டியில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று லாட். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போனால் தொட்டி கழுவ 30 நிமிடம், அடர் நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு வந்தால் 120 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று போனால் கழுவுவதற்கு மொத்தம் 60 நிமிடம். அதையே தலைகீழாகப் போட்டால் 240 நிமிடம். மூன்று மணி நேர வித்தியாசம். ஆனால் சராசரி 75 நிமிடம் என்று கொடுத்துவிட்டால் இரண்டுக்குமே 150 நிமிடம் என்றுதான் புரோகிராமுக்குத் தெரியும். எந்த வரிசையில் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். எவ்வளவு நல்ல அல்காரிதமாக இருந்தாலும் இல்லாத வித்தியாசத்தை எங்கிருந்து தேடும்?

சரிபார்ப்பது சுலபம். அந்த மெஷினில் இரண்டு ஜாபை இடம் மாற்றி, மொத்த நேரம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவே இல்லை என்றால் "எதிலிருந்து எதற்கு" என்ற கட்ட அட்டவணை ஒன்று வேண்டும். ஐம்பது நிறத்துக்கு 2,500 கட்டம் நிரப்பத் தேவையில்லை. நிறங்களை நாலைந்து குடும்பமாகப் பிரித்து, எந்தக் குடும்பத்திலிருந்து எந்தக் குடும்பத்துக்கு என்பதற்கு ஒரு எண் போட்டால் போதும்.

### இரண்டு மெஷின் ஒன்றுக்கொன்று காத்து நிற்கிறது

புரோகிராமுக்குத் தெரியாத மூன்றாவது பொருள் ஏதோ ஒன்றை இரண்டும் பங்கு போடுகின்றன. ஜிக் (வேலை நடக்கும்போது பாகத்தைப் பிடித்து வைக்கும் கருவி), அளவு பார்க்கும் கேஜ், கிரேன், அல்லது அந்த வேலை தெரிந்த ஒரே ஆள். இதைக் கணினி முன் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பேட்டையில் ஒரு மூத்த ஃபோர்மேன் தாளைப் பார்த்த உடனே கேட்டார்: "தம்பி, நாலு தாடை சக்கு நம்மகிட்ட ஒண்ணுதான இருக்கு, ரெண்டு லேத்துலயும் ஒரே நேரத்துல எப்படி மாட்ட?" அந்தச் சக்கு, அதாவது லேத்தில் பாகத்தைப் பிடிக்கும் கருவியையும் ஒரு மெஷின் மாதிரியே கணக்கில் சேர்த்ததும் தாளில் அடித்தல் பாதியாகக் குறைந்தது.

ஆள் கூப்பிடும் கட்டம்: செட்டிங் நேரங்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் புரோகிராமரைக் கூப்பிடாதீர்கள். ஸ்டாப் வாட்சுடன் ஷாப்பில் நின்று நேரம் எடுக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். ஒரு வேலை ஒரே நேரத்தில் மெஷின், ஆள், ஜிக் மூன்றையும் பிடித்துக்கொள்ளும் என்பதை உங்கள் புரோகிராம் வாங்கிக்கொள்ளவே இல்லை என்றால் அப்போது புரோகிராமர் வேண்டும்.

## அறிகுறி: மொத்த நேரம் சில நொடிகளில் ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது

### அதற்குக் கீழே போக இடம் இருக்கிறதா?

முதலில் இதைக் கேளுங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். அதிக லோடு உள்ள மெஷின் மில்லிங் என்றும், இந்த வாரம் அதில் மொத்தம் 41 மணி நேர வேலை என்றும் வைத்துக்கொள்வோம். மில்லிங்குக்கு வருகிற ஜாப்களில் சீக்கிரம் வந்து சேரக்கூடியதுகூட முன்னால் லேத்தில் 2 மணி நேரம் இருந்தாக வேண்டும். மில்லிங் முடிந்த பிறகு மிகக் குறைவாக வேலை பாக்கியுள்ள ஜாபுக்கும் கிரைண்டிங்கில் 1 மணி நேரம் பிடிக்கும். ஆக 41, 2, 1 கூட்டினால் 44. எந்த அல்காரிதமும் 44-க்குக் கீழே வர முடியாது. உங்கள் புரோகிராம் 44-இல் நின்றால் வேலை முடிந்தது, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். 45-இல் நின்றாலும் விட்டுவிடலாம். 58-இல் நின்றால் தொடர்ந்து படியுங்கள்.

### இடம் இருக்கிறது, சிமுலேட்டட் அனீலிங் ஓட்டுகிறீர்கள்

யாராவது மணியை நிமிடமாக மாற்றினார்களா என்று கேளுங்கள். வெப்பநிலையை (மோசமாகிற மாற்றத்தை எவ்வளவு தாராளமாக ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்) மணிக் கணக்குக்குப் பொருத்தி 0.5 என்று வைத்திருப்பார்கள். பிறகு நேரத்தை மட்டும் நிமிடத்துக்கு மாற்றியிருப்பார்கள். அதன் பிறகு 20 நிமிடம் மோசமாகிற ஒரு மாற்றத்தைக்கூட அது ஏற்காது. முதல் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும்.

சரியான தொடக்க வெப்பநிலையைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். சும்மா நூறு மாற்றம் செய்து பார்த்து, மோசமாகிறவை சராசரியாக எத்தனை நிமிடம் மோசமாகின்றன என்று குறியுங்கள். 20 நிமிடம் என்றால், அவற்றில் பாதியாவது ஆரம்பத்தில் ஏற்கப்பட 20-ஐ 0.693-ஆல் வகுங்கள், சுமார் 29. அங்கிருந்து மெதுவாக இறக்குங்கள்.

### ஜெனடிக் ஓட்டுகிறீர்கள்

ஓட்டம் நின்ற இடத்தில் மொத்தக் கூட்டத்தையும், அதாவது அது கையில் வைத்திருக்கும் எல்லா வரிசைகளையும், அச்சிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே வரிசையாக இருந்தால் கூட்டத்தில் வேறுபாடு செத்துவிட்டது. நகல்களை உள்ளே விடாதீர்கள், மியூட்டேஷனை (வரிசையில் தற்செயலாகச் செய்யும் சிறு மாற்றம்) கூட்டுங்கள், சிறந்த சிலதை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக நிரப்புங்கள். கூட்டத்தின் அளவைப் பெருக்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அது ஓட்ட நேரத்தைக் கூட்டுவதோடு சரி.

### டாபு ஓட்டுகிறீர்கள்

இரண்டு மூன்று எண்களே சுற்றிச் சுற்றி வந்தால் தடைப்பட்டியல் (இப்போதைக்குத் திரும்பச் செய்யக்கூடாத மாற்றங்களின் பட்டியல்) சின்னதாக இருக்கிறது, நீளமாக்குங்கள். எண் அசையவே இல்லை என்றால் எந்த ஜாபை நகர்த்துகிறது என்று பாருங்கள். ஜாப் ஷாப்பில் (ஜாபுக்கு ஜாப் மெஷின் வரிசை மாறுகிற ஷாப்) மொத்த நேரத்தைத் தீர்மானிக்கிற நெருக்கடிப் பாதையில் இல்லாத இரண்டு அடுத்தடுத்த வேலைகளை இடம் மாற்றினால் மொத்த நேரம் குறையவே குறையாது. கண்டபடி மாற்றும் புரோகிராம் தன் நேரத்தில் பெரும்பகுதியை இப்படி வீணாக்குகிறது. 1996-இல் நோவிட்ஸ்கி, ஸ்முட்னிட்ஸ்கி இருவரும் அந்தப் பாதையில் உள்ள பிளாக்குகளின் (ஒரே மெஷினில் அடுத்தடுத்து வரும் வேலைகளின் தொகுப்பு) ஓர வேலைகளை மட்டும் மாற்றும் டாபு முறையைக் கொடுத்தார்கள். அன்றைய கணினியிலேயே அது வேகமாக ஓடியது. இந்த மாற்றத்தைச் செய்ய கோடு (புரோகிராம் வரிகள்) எழுதுபவருக்கு நெருக்கடிப் பாதை தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் நடத்துகிற இயந்திரவியல் ஆசிரியர் ஒருவரை ஒரு நாள் உட்கார வையுங்கள். பெரிய செலவு இல்லை.

## அறிகுறி: சூப்பர்வைசரின் கைக்கணக்கே இதைவிட நன்றாக இருக்கிறது

இதை அவமானமாக எடுத்துக்கொண்டு மறைக்காதீர்கள். கோளாறைப் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சூப்பர்வைசர் போட்ட வரிசையை அப்படியே புரோகிராமின் மதிப்பிடும் பகுதிக்குக் கொடுத்து, அது எத்தனை மணி நேரம் என்கிறது என்று பாருங்கள்.

### அவர் வரிசைக்கு மோசமான எண் சொல்கிறது

ஷாப்பில் 46 மணி நேரத்தில் முடிந்த வரிசைக்கு புரோகிராம் 60 என்கிறதா? அவர் செய்கிற எதையோ புரோகிராம் அனுமதிக்கவில்லை. லாட்டை இரண்டாகப் பிரித்து முன்பாதியை அடுத்த மெஷினுக்குத் தள்ளியிருப்பார். ஒரே ஜிக்கில் இரண்டு ஜாபைச் சேர்த்திருப்பார். கேட்டால் சொல்வார்.

### அவர் வரிசைக்கு நல்ல எண்ணே சொல்கிறது, ஆனால் தானாக அதைக் கண்டுபிடிக்கவில்லை

அப்படியானால் கோளாறு தேடுவதில் இருக்கிறது. எளிய மருந்து: அவர் வரிசையையும், டெலிவரி தேதிப்படி அடுக்கிய வரிசையையும் தொடக்கமாகவே கொடுங்கள். எல்லா ஜாபும் ஒரே மெஷின் வரிசையில் போகிற லைனாக இருந்தால் நவாஸ், என்ஸ்கோர், ஹாம் 1983-இல் கொடுத்த முறையில் ஒரு தொடக்கம் போடுங்கள். மொத்த நேரம் அதிகமுள்ள ஜாபிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வரிசையில் எங்கே செருகினால் மொத்தம் குறைவோ அங்கே செருக வேண்டும், அவ்வளவுதான். முப்பது வரி கோடு. பல யூனிட்டுக்கு இதற்கு மேல் எதுவுமே தேவைப்படாது என்பது என் கருத்து.

### புரோகிராம் நம்ப முடியாத அளவுக்கு நல்ல எண் சொல்கிறது

இது மோசமாக இருப்பதைவிட ஆபத்தானது. ஜெனடிக்கில் வழக்கமான காரணம், இரண்டு வரிசைகளை (பெற்றோர்) வெட்டி ஒட்டிப் புது வரிசை செய்யும்போது ஜாப் தொலைவது. 1-2-3-4-5-6 என்று ஒரு பெற்றோர், 4-6-2-1-5-3 என்று இன்னொன்று. நடுவில் வெட்டி ஒட்டினால் 1-2-3-1-5-3 வரும். ஒன்றும் மூன்றும் இரண்டு தடவை இருக்கின்றன, நாலும் ஆறும் காணோம். தொலைந்தவை பெரிய ஜாப்களாக இருந்தால் மொத்த நேரம் அழகாகக் குறையும்! முன்பாதியை வைத்துக்கொண்டு, மீதியை இரண்டாம் பெற்றோரின் வரிசையில் நிரப்ப வேண்டும்: 1-2-3-4-6-5. ஒவ்வொரு விடையிலும் எல்லா ஜாப் எண்ணும் ஒரே ஒரு தடவை வருகிறதா என்று எண்ணும் வரியைக் கோடில் நிரந்தரமாக வையுங்கள்.

வேகத்துக்காக முழுக் கணக்கும் போடாமல் மாறிய பகுதியை மட்டும் கணக்கிடும் கோடாக இருந்தால், ஆயிரம் மாற்றத்துக்கு ஒரு தடவை முழுக் கணக்கும் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு நிமிடம் வேறுபட்டாலும் நிறுத்திப் பிழையைத் தேட வேண்டும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. ஃபிஷரும் தாம்ப்சனும் 1963-இல் வெளியிட்ட ஜாப் ஷாப் கணக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 6 ஜாப், 6 மெஷின் கணக்கின் சிறந்த விடை 55. 10 ஜாப், 10 மெஷின் கணக்குக்கு 930. அதற்குக் கீழே போக முடியாது என்று கார்லியேவும் பின்சனும் நிரூபித்ததே 1989-இல்தான். உங்கள் புரோகிராம் முதல் கணக்குக்கு 54 சொன்னால் ஒரு மெஷினில் இரண்டு வேலையை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுகிறது என்று அர்த்தம், அல்லது முந்தின வேலை முடியும் முன் அடுத்ததை ஆரம்பிக்கிறது. 55 வந்தால் அடிப்படைக் கணக்கு பெரும்பாலும் சரி.

ஆள் கூப்பிடும் கட்டம்: இந்த மூன்று சோதனையில் ஒன்றிலாவது தேறாத கோடை நீங்களே ஒட்டுப் போடாதீர்கள். எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள், சோதனை விடைகளோடு.

## அறிகுறி: ஒவ்வொரு தடவையும் வேறு விடை

ஓரளவு இயல்புதான். பத்து வேறு சீடு கொடுத்து ஓட்டி எண்களை எழுதுங்கள். நல்லதுக்கும் மோசமானதுக்கும் ஒன்றிரண்டு சதவீதம்தான் வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள், பத்தில் சிறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ஓட்டம் போதவில்லை, அல்லது மேலே சொன்ன முந்தைய அறிகுறிகளில் ஒன்று ஒளிந்திருக்கிறது.

சீடை நிலைநிறுத்தியும் விடை மாறுகிறதா? நிறுத்தும் நிபந்தனை கடிகார நேரமாக இருக்கும். அதே கணினியில் டாலியும் ஆன்டிவைரஸும் ஓடினால் ஐந்து நிமிடத்தில் நடக்கும் சுற்றுகள் குறைந்துவிடும். சுற்று எண்ணிக்கையை வைத்து நிறுத்துங்கள்.

மொத்த நேரம் ஒன்றாகவே வந்து வரிசை மட்டும் மாறினால், சமமான விடைகள் நிறைய இருக்கின்றன என்று பொருள். எல்லா ஜாபும் முடியும் நேரங்களின் கூட்டுத்தொகையை மிகச் சிறிய எடையுடன் சேர்த்துவிடுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

## அறிகுறி: மொத்த நேரம் குறைந்தது, டெலிவரி மட்டும் தவறுகிறது

புரோகிராம் கேட்டதைத்தான் செய்திருக்கிறது. கடைசி ஜாப் எப்போது முடிகிறது என்பதை மட்டும் குறைக்கச் சொன்னால், நடுவில் எந்த பார்ட்டியின் ஜாப் என்றைக்கு முடிகிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலை உதிரிபாகம் செய்து கொடுக்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தென்மேற்குப் பருவக் காற்று பிடிக்கும் முன் பாகம் போய்ச் சேர வேண்டும். காற்று அடிக்கிற மாதத்தில் நிற்கிற ஒரு நாளும் மார்கழியில் நிற்கிற ஒரு நாளும் காற்றாலைக்காரருக்கு ஒன்றல்ல. ஆகவே தாமதத்துக்கு எடை போட்டுக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "தாமதமான ஜாப்களின் எண்ணிக்கையைக் குறை" என்று கொடுத்தால், ஏற்கனவே தவறிய ஒரு ஜாபை இன்னும் எவ்வளவு தள்ளினாலும் கூடுதல் தண்டனை இல்லை. அந்த பார்ட்டியின் ஜாப் வாரக்கணக்கில் கடைசியிலேயே கிடக்கும். எத்தனை நாள் தாமதம் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

எடை சரியா என்று பார்க்க, இரண்டு பழைய அட்டவணையை முதலாளியிடம் காட்டி எது தேவலாம் என்று கேளுங்கள். புரோகிராமும் அதையே தேவலாம் என்கிறதா பாருங்கள். நாலைந்து ஜோடிக்கு ஒத்துப்போகும் வரை எடைகளைத் திருத்துங்கள். எந்த பார்ட்டியைக் காக்க வைக்கலாம் என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. புரோகிராமரை யூகிக்க விடாதீர்கள்.

## அறிகுறி: ராத்திரி முழுக்க ஓடுகிறது

நொடிக்கு எத்தனை அட்டவணையை மதிப்பிடுகிறது என்று ஒரு எண்ணைத் திரையில் காட்டச் செய்யுங்கள். ஐம்பது ஜாப், ஐந்து மெஷினுக்கு அது நூறைக்கூடத் தொடவில்லை என்றால் புதுக் கணினி வாங்கக் கிளம்பாதீர்கள். சுற்றுக்குச் சுற்று எக்செல் ஃபைலைத் திறந்து படிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே ஒரு தடவை படித்து நினைவகத்தில் வைக்க வேண்டும். தேதி, நேரம் எல்லாம் வார ஆரம்பத்திலிருந்து நிமிட எண்ணாக மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

வேகம் சரி, ஆனால் கணக்கே பெரிது என்றால் மூன்று மாத ஆர்டரை ஒன்றாகப் போடுவதை நிறுத்தி பத்து நாளுக்கு மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகு வருவது எப்படியும் மாறத்தான் போகிறது.

அதன் பிறகும் நேரம் பிடித்தால் மெட்டாஹியூரிஸ்டிக்கை (ஜெனடிக், அனீலிங், டாபு போன்ற தேடல் முறைகள்) விட்டு வெளியே வந்து ஒரு தடவை பாருங்கள். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் தொகுப்பில் உள்ள சிபி-சாட் என்ற தீர்வு காணும் கருவி இலவசம். நடுத்தர அளவு கணக்கில் நல்ல விடை கொடுப்பதோடு, சிறந்த விடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதையும் சொல்லும். அனீலிங்கோ ஜெனடிக்கோ தானாக அதைச் சொல்லாது.

## அறிகுறி: ஒரு அவசர ஜாப் நுழைந்தால் அட்டவணை முழுக்கத் தலைகீழாகிறது

சின்ன லாபத்துக்காகப் பெரிய மாற்றம் செய்கிறது. கிரைண்டிங்கில் ஏற்கனவே வீல் மாட்டி டிரஸ்ஸிங்கும் (வீலின் முகத்தைச் சீராக்குவது) முடித்துவிட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. அடுத்த ஒரு ஷிப்ட் வேலையைப் பூட்டிவிடுங்கள், அதைத் தொடக்கூடாது. பூட்டுக்கு வெளியே உள்ளவற்றுக்கும் நேற்றைய இடத்திலிருந்து நகர்த்தினால் ஒரு சிறு தண்டனை போடுங்கள். தேடலை வெறும் தாளில் ஆரம்பிக்காமல் நேற்றைய அட்டவணையிலிருந்தே ஆரம்பிக்க வையுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லை, அவசர ஜாப் தினமும் இரண்டு மூன்று வருகிறது, மெஷின் நின்றதும் புது அட்டவணை வேண்டும் என்றால் ஷாப்பிலிருந்து தகவல் உடனுக்குடன் வர வேண்டும். அது கம்பெனி மென்பொருள் வாங்கும் கட்டம், செலவும் அதற்கேற்ப இருக்கும். விற்க வருகிறவர் காட்டும் மாதிரிக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மிகவும் சிக்கலாகப் போன உங்கள் ஒரு வாரத்து இன்புட் ஃபைலையும், சூப்பர்வைசர் அடித்துத் திருத்திய தாள்களையும் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். செட்டிங் நேரக் கட்ட அட்டவணை, கேலண்டர், எடைகள் மூன்றையும் நீங்களே திருத்த முடியுமா, அல்லது ஒவ்வொரு தடவையும் அவர் ஆள் வர வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.